உப்பளத்துக்கிட்ட நிற்கும் வண்டி

"உங்கண்ணன் சீரு செஞ்சானா, இல்ல அவன் வூட்டுல எடத்த அடைக்குதுன்னு இங்க தள்ளிவுட்டானா?"

மாமியார் எல்லம்மாள் கேட்டபோது ஜெயப்பிரியா இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் அவள் புருஷன் கலையரசன் வண்டியைப் பாதி தூரம் ஓட்டி, பாதி தூரம் தள்ளித்தான் வீடு வந்து சேர்ந்திருந்தான்.

வண்டி ஜெயப்பிரியாவின் அண்ணன் சம்பத்துடையது. தங்கச்சி புருஷன் திருப்போரூரிலிருந்து சிறுசேரிக்கு எலெக்ட்ரீஷியன் வேலைக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, தான் ஓட்டிக்கொண்டிருந்த வண்டியையே கொடுத்துவிட்டான். இப்போது செங்கல்பட்டில் அவன் பஸ்ஸுக்கு நிற்கிறான்.

வண்டி பழசுதான். ஆனால் கொஞ்ச நாளாகத்தான் இந்தப் பேஜாரு. கிளம்பும்போது நன்றாகவே கிளம்பும். கேளம்பாக்கம் உப்பளம் வரும்போது இழுவை குறையும். முறுக்க முறுக்க இருமும். நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து உதைத்தால் ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி ஓடும்.

மெக்கானிக் கண்ணாயிரம் பிளக்கை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். கோயில் குளத்தை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டியில் குறையே இல்லை, ஓட்டுகிறவரிடம்தான் ஏதோ இருக்கிறது என்று சிரித்தார்.

எல்லம்மாள் சிரிக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை முருகன் கோயிலில் பாப்பாவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். சம்பத் வருவான்.

"வரட்டும். சொந்தக்காரங்க எதிர்லயே சாவிய அவன் கையில குடுத்து, உன் வண்டிய நீயே ஓட்டிகினு போன்னு சொல்லல, எம் பேரு எல்லம்மா இல்ல."

ஜெயப்பிரியாவுக்கு அண்ணனைத் தெரியும். மனசாரக் கொடுத்ததை நாலு பேர் முன்னால் திருப்பிக் கொடுத்தால், அண்ணன் இனி இந்த வாசலை மிதிக்க மாட்டான். பாப்பா காதில் கம்மல் ஏறுகிற அன்றைக்கே தாய்வீட்டு உறவு முடிந்துபோகும்.

சனிக்கிழமை கேளம்பாக்கத்துச் சித்தியை அழைக்க இருவரும் வண்டியில் போனார்கள். உப்பளத்தருகே வழக்கம்போல இருமிவிட்டு நின்றது.

பெட்ரோல் இருக்கிறதா என்று கலையரசன் டேங்க் மூடியைத் திறந்தான். 'புஸ்' என்று ஒரு சத்தம். பெட்ரோல் பாதிக்கு மேல் இருந்தது. மூடிவிட்டு உதைத்தான். உடனே கிளம்பியது.

"என்னாங்க, மூடியத் தொறந்து பாக்குறப்ப எல்லாம் ஒடனே கெளம்புதா?"

அவன் யோசித்தான். ஆமாம், திறந்து பார்த்த நாளெல்லாம் தள்ளவே வேண்டியிருக்கவில்லை.

"எண்ணெ டின்னுல ஒரே ஓட்ட போட்டா ஒழுங்கா ஊத்துமா? காத்து உள்ள போவ இன்னொரு ஓட்ட போட்டாத்தான் ஊத்தும். இந்த மூடியில அந்த ஓட்ட எங்க கீது?"

ஜெயப்பிரியா இறங்கி மூடியைத் தடவிப் பார்த்தாள். நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம், அதன்மேல் மறுபடியும் சந்தனம். ஓடு மாதிரி காய்ந்து கிடந்தது. தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிச் சுரண்டினாள். அடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை.

சித்தி வீட்டுக்குப் போய்த் திரும்பும்வரை வண்டி எங்கும் நிற்கவில்லை.

வண்டிக்குச் சந்தனம் வைப்பது எல்லம்மாள்தான். ஆயுத பூஜையன்று ஆரம்பித்தவள், தினமும் குளித்துவிட்டு வந்த கையோடு வைக்கிறாள்.

கலையரசனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஜெயப்பிரியாவும் சிரித்தாள். ஆனால் அவள் மனசில் வேறு கணக்கு ஓடியது. அண்ணனைத் திட்டிய திட்டுக்கெல்லாம் நாளைக்கு ஒரே பதில். அத்தை வாயைத் திறக்கட்டும், யார் வைத்த பொட்டு வண்டியை நிறுத்தியது என்று சொந்தக்காரர்களும் கேட்டுக்கொள்ளட்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள் என்று புருஷனிடமும் சொல்லி வைத்தாள்.

ஞாயிறு விடிந்தது. கோலம் போட வந்தவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

எல்லம்மாள் ஈரத் தலையோடு, சந்தனக் கிண்ணத்தோடு வண்டி பக்கத்தில் நின்றிருந்தாள். டேங்க் மூடியின் நடுவில் கட்டை விரலால் அழுத்தி அப்பிக்கொண்டே முணுமுணுத்தாள்.

"முருகா, இது நிக்க நிக்க நானும் கனமாத்தான் வெச்சிகினு வரேன். இன்னிக்கி ஒரு நாளு நிக்காம ஓட வையி. சம்பத்து எதிர்ல நின்னுச்சின்னா என் வாயி என் பேச்சக் கேக்காது. அந்தப் புள்ள மொகம் வாடிப்பூடும்."

ஜெயப்பிரியா இரண்டடி பின்னால் போய், வளையல் சத்தம் கேட்கும்படி நடந்து வந்தாள். மூடியிலிருந்த ஈரச் சந்தனத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"அத்த, இங்க வெச்சா அவரு சட்டையில ஒட்டிக்குது. முன் லைட்டு மேல வைங்க. முருகன் ரோட்டப் பாத்துகினே வருவாரு."