கை விழுந்த இடம்

மாலை வெயில் வெள்ளவத்தை வீட்டு முற்றத்தில் சாய்ந்து கிடக்கிறது. கடற்கரை ரயில் போன அதிர்வில் ஜன்னல் கண்ணாடி இன்னும் நடுங்குகிறது. தந்திக் கம்பிகளைப் பார்வையிடக் குருநாகல் வரை போய்வந்த என் கணவர், மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே இருக்கிறார். கைபிடிகளின் அதிர்வில் விரல்கள் மரத்து, சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்ற முடியவில்லை. நாளை புத்தளம் போகவேண்டும்; பிரேக் பிடிக்கவேண்டியதும் இந்த விரல்கள்தான். யுத்தகாலம், தேய்ந்த கைபிடிகளுக்குப் புது றப்பர் உறை கிடைக்காது. கலியாணத்தன்று அவர் கட்டிய தலைப்பாகைத் துணியைக் கிழித்துக் கைபிடிகளில் இறுக்கிச் சுற்றுகிறேன். "இஞ்சேரும், வண்டிக்கும் மாப்பிளைத் தலைப்பாகை கட்டியாச்சு, இனி இதுக்கும் பொம்பிளை பார்க்கப் போறீரோ?" என்கிறார். "பகிடியை விட்டிட்டுக் கண்ணை மூடுங்கோ. கையைத் தூக்கிச் சும்மா விடுங்கோ." அவர் கைகள் கைபிடிகளைத் தொடாமல், சற்றுக் கீழே, உடம்பை ஒட்டி வந்து நிற்கின்றன. ஸ்பானரால் திருகாணியைத் தளர்த்தி, ஹாண்டிலை அந்தக் கைகளுக்குள் இறக்குகிறேன். "ஓம், இப்ப சரி" என்கிறார், கண்ணைத் திறக்காமல். ஒருநாள், அவர் காலமான பிறகு, வண்டியை வாங்க வருகிறவர் ஏறியிருந்து பார்த்துவிட்டு, "ஹாண்டில் தோதுப்படேல்லை, நிமித்தித் தாங்கோ" என்பார். ஸ்பானர் தொலைந்துவிட்டது என்பேன். அது என் மடியில் இருக்கும்.