ஹெட்லியின் மிதி

நீராவி எஞ்சின்களை ஒழிக்க வந்த முதல் டீசல் ரயில் எஞ்சின்களில் இந்த வண்டியும் ஒரு ரகம். பத்தே வருஷத்தில் இதையும் உடைக்கச் சொல்லி லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. அடிக்கடி நடுவழியில் படுத்துக்கொள்கிறதாம். முதல் நாளிலிருந்து இதை ஓட்டிய எங்கள் ஊர் ஹெட்லி த்வெயிட் விடவில்லை. "ஓட்டத் தெரியாதவன்கிட்ட குடுத்தா படுக்கத்தான் செய்யும். இத உடைக்கணும்னா முதல்ல என்னைக் கீழ இறக்குங்கடா!" என்று அதிகாரிகளோடு மல்லுக்கு நின்றார். மார்ச் மாதம் செத்துப்போனார். ஜூனில் வண்டி ராதர்ஹாமில் நாங்கள் வேலை செய்யும் உடைப்புக் களத்துக்கு வந்தது.

ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே ஒரு கால்மிதி உண்டு. வண்டி ஓடும்போது அதை மிதித்தபடியே இருக்க வேண்டும். காலை எடுத்தால் ஸ்பிரிங் அதை மேலே தள்ளிவிடும், வண்டி நின்றுவிடும். நான் ஏறியபோது மிதி தரையோடு அழுந்திக் கிடந்தது.

"ஸ்பிரிங் போயிருக்கும்டா, நீ வெட்டு" என்றான் என் கூட்டாளி க்ளிஃப்.

குனிந்து பார்த்தேன். ஸ்பிரிங் நன்றாகத்தான் இருந்தது.

மற்றதையெல்லாம் வெட்டினோம். வெள்ளிக்கிழமை, மிதியோடு கூடிய தரைத்துண்டு மட்டும் புல்லில் மிச்சம் கிடந்தது. டீக் கோப்பையோடு வந்த முதலாளி ரட்டாக் அதைப் பார்த்துக் கத்தினார்.

"எஞ்சின் போச்சு, சக்கரம் போச்சு. இனி எதைய்யா ஓட்டப் போறே? இறங்கு, ஹெட்லி!"

மிதி மெல்ல மேலே வந்தது. க்ளிஃப் தொப்பியைக் கழற்றினான்.

பூட்ஸ் காலால் யாரோ ஓங்கி மிதித்ததுபோல், அது தடாலென்று மறுபடி கீழே போனது.