நடுவில் விட்ட வார்த்தை

மேசைக்கு இந்தப் பக்கம் மகள் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே அம்மா. நாளை அம்மாவுக்குச் சட்டப் பரீட்சை.

"மேட்ரிசைட்?"

"அம்மாவைக் கொல்றது."

"பேட்ரிசைட்?"

"அப்பாவை. எல்லாம் லத்தீன்லேர்ந்து வந்ததாம். வீட்டு ஆளுங்களைக் கொல்றதுக்குன்னே உட்கார்ந்து பேர் வச்சிருக்காங்க பாரேன்!"

மகள் சிரித்துவிட்டாள். "கதையடிக்காதம்மா. ஃப்ராட்ரிசைட்?"

"கூடப்பிறந்தவனை."

"சரி, அடுத்த பக்கம் போகலாம்."

"நடுவுல ஒண்ணை விட்டுட்டியே. மாரிட்டிசைட். புருஷனைக் கொல்றது."

மகள் புத்தகத்தை மூடினாள். "அது வேணாம்மா."

"பரீட்சையில வந்தா எழுதணுமே."

"எழுது. ஆனா அன்னிக்கு நீ கட்டையை எடுக்கலேன்னா அப்பா என்னைக் கொன்னிருப்பார். அதை மேல்கோர்ட்ல நானே சொல்லப்போறேன். வக்கீலைப் பார்த்துக் கையெழுத்தும் போட்டாச்சு."

எட்டு வருஷமாக அந்த நாளைப் பற்றி மகள் வாய் திறந்ததே இல்லை. அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேரமாச்சு, கையை விடும்மா" என்றார் சிறைக் காவலர்.

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "சரி, இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றார்.