பறவைப் பெட்டிக்கு அடியில்

குருவிகள் கூடு கட்ட டார்லீன் தன் தோட்டத்துக் கம்பத்தில் மாட்டிய பறவைப் பெட்டிக்கு அடியில் தினமும் வெள்ளை முடி கிடந்தது.

"வெர்ஜில், உங்க நாய் என் குருவிங்களைப் புடிக்க வருது!"

"டஃபி வேலியத் தாண்டாதும்மா. என் வாசல்லதான் உக்காரவச்சு முடி சீவி விடறேன்."

"அப்ப இது என்ன, பறந்தா வந்துச்சு?"

புகார் கொடுப்பதாக அவள் மிரட்டியதும், பக்கத்து வீட்டில் தனியாக வாழ்ந்த அந்தக் கிழவர் டஃபியைத் தொலைவில் கெண்டக்கியில் யாருக்கோ கொடுத்துவிட்டார்.

இலையுதிர் காலத்தில் பெட்டியைச் சுத்தம் செய்ய டார்லீன் ஏணியில் ஏறினாள். வெர்ஜிலே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

மூடியைத் திறந்தாள். குஞ்சுகள் பறந்துபோன கூடு. உள்ளே, குருவிகள் சுமந்து வந்து மெத்தை போட்டிருந்த வெள்ளை முடி.

அவளுக்குக் கீழே குனிந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் வெளியே எடுத்த கூட்டை வெர்ஜிலும் பார்த்துவிட்டார். மெல்லக் கையை நீட்டினார்.

"குருவிங்களுக்கு இனி வேணாம்னா, அத நான் வச்சுக்கட்டுமா?"