முதல் சொட்டு

வின்கோவ்ட்ஸி ஊர் மாதா கோயில் கூடத்து வாசலில் கார் நின்ற பிறகும் கிழவர் ஸ்லாவ்கோ இறங்கவில்லை. தொப்பியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"இறங்குங்கப்பா. ஏழு மணிக்கு ஆரம்பிச்சிடுவாங்க," என்றான் மகன் டாலிபோர்.

"ஏன்டா, அம்பது வருஷமா வீட்டுல பிளம் சாராயம் காய்ச்சுறேன். ஒரு நாளாவது நான் தள்ளாடிப் பாத்திருக்கியா?"

"இல்லப்பா."

"அப்புறம் குடிகாரங்க கூட்டத்துல எனக்கென்னடா வேலை? ஊரே சிரிக்கும்."

"குடியை நிறுத்த உதவுற இந்தச் சங்கத்தைத் தேடிப் பிடிக்கவே மூணு மாசமாச்சு. இப்ப திரும்பிப் போனா, மறுபடி வரவே மாட்டோம்ப்பா."

முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் எல்லாரும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க. ரெண்டு பேர்ல குடியை விட வந்தது யாரு?" என்றார் தலைவி வெஸ்னா.

டாலிபோர் கையைத் தூக்கினான். "நான்தான். வீட்டு ஆள் ஒருத்தரைக் கூட்டிட்டு வரணும்னு சொன்னீங்களே. பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டா. அதான் அப்பா."

"கூட வர்றவங்களும் குடிக்கக் கூடாது. ஐயாவுக்குச் சம்மதமா?"

ஸ்லாவ்கோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்; திரும்ப மாட்டவில்லை.

"என்னையும் குடிகாரன்னே எழுதிக்கம்மா. இவன் ஞானஸ்நான விருந்துல, சாராயத்தை விரலால தொட்டு இவன் நாக்குல முதல் சொட்டை வச்சது நான்தான்."