முழங்கால் தண்ணீர்

அரிவாளோடு ஜீப்பிலிருந்து குதித்தவர்களை நோக்கி வைரக்கண்ணு ஓடினான். ஊரே பின்வாங்கியபோது எதிரே ஓடியவன் அவன் ஒருவன்தான்.

"மோட்டார் கொட்டகையக் கொளுத்துனது நான்தான்."

முதல் அடி வாயில் விழுந்தது. பல்லோடு ரத்தம் தெறித்தது.

இறால் பண்ணை முதலாளி தன் அடியாள் துரைராசுவிடம் சொல்லி அனுப்பியது இதுதான்: முதலில் கொளுத்தியவனின் கை, பிறகு பெண்கள் கடலில் வளர்க்கும் பாசி. பண்ணையின் உப்புநீர் நெல்வயலைத் தின்றுவிட்டதால், முன்பு நடவுக்குப் போன பெண்கள் கடலில் கம்பு ஊன்றிக் கயிறு கட்டிப் பாசி போட்டிருந்தார்கள். கம்புகளில் சிப்பி பிடித்தது. காணாமல் போயிருந்த நண்டும் மீனும் திரும்பி வந்தன. அதன்மேல்தான் பண்ணைக் கழிவை இறைத்துக்கொண்டிருந்தது அந்த மோட்டார்.

கடல் வற்றியிருந்தது. முழங்கால் தண்ணீரில் கம்புகள் தலைநீட்டி நின்றன. நடந்துபோய் வெட்டிவிடலாம்.

வைரக்கண்ணுவைச் சவுக்கு மரத்தில் கட்டினார்கள்.

"எதை ஊத்திடா கொளுத்துன?"

"டீசலுங்க."

விலாவில் உருட்டுக்கட்டை இறங்கியது. கூட யார் வந்தது என்று கேட்டான் துரைராசு. வைரக்கண்ணு வெகுநேரம் இருமினான். தண்ணீர் கேட்டான். அதற்கும் அடி வாங்கினான். கடைசியில், "மூஸா" என்றான்.

கூட்டத்தில் நின்ற ஹமீதா பானு திடுக்கிட்டாள். "மூஸாவா? அவன் துபாய் போயி ரெண்டு வருஷம்..."

பக்கத்திலிருந்த ராமாயி இடது கையால் அவள் வாயைப் பொத்தினாள். வலது கை முந்தானைக்குள் சுருண்டிருந்தது. புருஷன் அடிபடுவதை அவள் பார்க்கவேயில்லை. கண் கடல்மேல் இருந்தது. கல்நெஞ்சுக்காரி என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

வைரக்கண்ணு ஊரில் இல்லாதவர்களின் பெயராக, ஒவ்வொரு அடிக்குப் பிறகும் ஒன்று சொன்னான். வெயில் சாய்ந்தது. துரைராசு அரிவாளை ஓங்கினான். இரண்டு விரல்கள் மணலில் விழுந்தன.

"போதும். இனி பாசிய வெட்டுங்கடா."

திரும்பியவர்கள் அப்படியே நின்றார்கள். கம்பு ஒன்றைக்கூடக் காணோம். கடல் ஏறியிருந்தது. உள்நாட்டிலிருந்து வந்த அந்த அடியாட்களுக்கு நீச்சல் தெரியாது. ஒருவன் இறங்கிப் பார்த்தான். மார்பளவு ஆழத்தில் சிப்பி ஓடு பாதத்தைக் கிழிக்க, அலறிக்கொண்டு கரையேறினான்.

"காலையில வர்றோம்டி" என்று காறித் துப்பிவிட்டு துரைராசு ஜீப்பில் ஏறினான். அதற்குள் பெண்கள் பாசிக் கயிறுகளை அவிழ்த்துப் படகில் ஏற்றி, ஆழத்துக்குக் கொண்டுபோய்விடலாம்.

ஹமீதா ஓடிப்போய் வைரக்கண்ணுவின் கையைத் துணியால் இறுக்கினாள். அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

"தண்ணி ஏறட்டும்னுதான் அண்ணன் செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லி அடி வாங்குச்சா அக்கா?"

"தண்ணிக்காக மட்டுமில்ல."

புருஷனின் கட்டுகளை அவிழ்க்க ராமாயி வலது கையை முந்தானையிலிருந்து வெளியே எடுத்தாள். மணிக்கட்டு வரை தோல் வெந்து உரிந்திருந்தது.

"கொளுத்துனது நான், ஹமீதா."