கதவடியில் போன நீல ஒயர்

அக்கா கடைசிவரை பாஸ்வேர்டு தரவில்லை என்பதைத் தம்பி இன்றைக்கும் மனைவியிடம் சொல்லிக் காட்டுவான். அதில் அவனுக்கு ஒரு சுகம்.

அப்போது அவனுக்கு ஆராய்ச்சிப் படிப்பில் பாக்கி இருந்தது இரண்டே மாதம். அதற்குள் ஆய்வேட்டை எழுதிக் கொடுக்காவிட்டால் ஐந்து வருஷ உழைப்பும் அம்போ. தேவையான பத்திரிகைகள் எல்லாம் அக்கா வேலை பார்த்த கல்லூரி நூலகத்தில் இருந்தன. அவற்றை வீட்டிலிருந்தே படிக்க, அக்காவின் கம்ப்யூட்டரில் மட்டும் கல்லூரிக்காரர்கள் வி.பி.என். என்ற தனி லைன் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதன் பாஸ்வேர்டை வேறு யாருக்கும் தரக்கூடாது என்று கண்டிப்பு.

அக்கா ஒரு நீல ஒயர் வாங்கி வந்தாள். தன் அறையிலிருந்து கதவடியில் விட்டு, அவன் கம்ப்யூட்டரில் செருகினாள். அவள் லைன் அவனுக்கும் வந்துவிட்டது. ஒயர் இடித்ததில் அந்தக் கதவைத்தான் அப்புறம் சாத்தவே முடியவில்லை.

அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்தால், அவன் எழுந்திருக்கும்வரை அவளும் நகரமாட்டாள். கதவிடுக்கு வழியாக டக் டக்கென்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். தோழிகள் சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை.

"நீ போக்கா. மெஷினை ஆன்ல விட்டுட்டுப் போ, நான் பார்த்துக்கறேன்."

"வேலை இருக்குடா."

தினமும் இதே பாட்டுதான். புத்தகம் அடுக்குகிறவளுக்கு வீட்டில் அப்படி என்ன பெரிய வேலை? தன்னை வேவு பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் 'ஜெயில் வார்டன்' என்று முகத்துக்கு நேராகவே சொன்னான். அவள் சிரித்துவிட்டு மறுபடி தட்ட ஆரம்பித்தாள்.

பதினான்கு வருஷம் ஓடிப்போச்சு. அக்கா இப்போது வீடு மாறுகிறாள். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுவதற்குள் அதிலிருந்த குடும்பப் போட்டோக்களை எடுத்துக்கொள்ளத் தம்பி வந்திருந்தான். போட்டோக்களைப் பென் டிரைவில் ஏற விட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். திரும்பி வந்தால் திரை இருண்டு கிடந்தது, போட்டோக்கள் ஏறுவது பாதியில் நின்றிருந்தது.

"என்னக்கா, செத்துப்போச்சா உன் மெஷின்?"

"பத்து நிமிஷம் கை படலைன்னா அது தூங்கிடும்டா. லைனும் கட்டாயிடும். காலேஜ்ல போட்டுக் கொடுத்தது, மாத்த முடியாது. எதையாவது தட்டிக்கிட்டே இரு" என்றாள் அக்கா, அடுக்களையிலிருந்து.

"அப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும் இப்படித்தான்."

அவன் ஒரு கீயைத் தட்டினான், திரை விழித்துக்கொண்டது. திரையில் 'வேலை' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. திறந்தான். அந்த இரண்டு மாதத்துத் தேதிகள், நாளுக்கு ஒரு பக்கம்.

'கால் மரத்துப்போச்சு. இவன் இன்னும் எழுந்திருக்கலை.'

'வார்டனாம்ல. முடிக்கட்டும், கவனிச்சுக்கறேன்.'

'என்ன எழுதறதுன்னே தெரியலை. அஆஇஈ அஆஇஈ அஆஇஈ.'

கடைசித் தேதியில் மூன்றே வரி.

'தம்பி முடிச்சுட்டான். நாளைக்கு எனக்கு வேலை இல்லை. சினிமாவுக்குப் போகணும்.'